ஜாம் ஆகாத ரிவால்வர்

என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். மலேசியாவின் ஜொகூரில், லாபிஸ் பக்கத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த போலீஸ் நிலையத்தில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கோப்ரல் எனாம்' என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். எனாம் என்றால் மலாயில் ஆறு. என் ரிவால்வரில் ஆறு தோட்டா. அந்த ஆறு தோட்டாவைப் பற்றி நான் பேசிப் பேசி, அந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்த ஒவ்வொருத்தர் காதையும் புளிக்க வைத்திருந்தேன். பெயர் அப்படி வந்தது.

நான் போலீஸில் சேர்ந்தது எண்பத்தாறில். அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். மகன் இடுப்பில் துப்பாக்கி கட்டப் போகிறான் என்று அவருக்கு ஒரே பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் அந்தப் பெருமையை விடாமல் பிடித்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் கட்டியிருந்தேன். அந்த முப்பத்திரண்டு வருடத்தில், சுடும் பயிற்சிக்கு வெளியே அதை உறையிலிருந்து எடுத்தது ஒரே ஒரு தடவை. அந்தத் தடவை என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லாவிட்டாலும் கைப்பேசியில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் பக்கம் பிஸ்டல் வந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்னிடம் இதைக் கேட்டவர்கள் குறைவு, கேட்காமலே கேட்டுக்கொண்டவர்கள் அதிகம். ரிவால்வரில் ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் ஆறு குழி, ஆறு தோட்டா. விசையை இழுத்தால் சிலிண்டர் ஒரு குழி தள்ளிச் சுற்றும், சுடும். ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி இழுத்தால் போதும், அடுத்த குழி வந்து நிற்கும். பிஸ்டல் வேறு மாதிரி. பிடிக்குள்ளே தோட்டா அடுக்கிய மேகசின். சுட்ட வேகத்தில் மேல்பாகம் தானாகப் பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு முன்னால் வரும். அந்தக் கூடு சரியாக வெளியே விழாமல் நடுவில் மாட்டிக்கொண்டால் துப்பாக்கி அப்படியே நின்றுபோகும். அதுதான் ஜாம்.

இதை நான் கேண்டீனில் செய்து காட்டுவேன். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றி ஆறு பேனாவை நிறுத்தி, "இது ரிவால்வர்" என்பேன். டின்னைச் சுற்றுவேன். "மாட்றதுக்கு இதுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. பிஸ்டல்ல எத்தன ஸ்ப்ரிங், எத்தன கொக்கி. சண்டைக்குப் போற எடத்துல கடிகாரத்தயா கையில வச்சிருப்ப?" என்று கேட்பேன். மலாய்க்காரப் பையன்களுக்கு மலாயில் ஒரு தடவை, நம் ஆட்களுக்குத் தமிழில் ஒரு தடவை.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் என்னையும் பிஸ்டல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாளே அதன் மேல்பாகம் பின்னால் வந்து என் கட்டைவிரல் இடுக்கைக் கடித்துவிட்டது. அதோடு விட்டதா, ஒவ்வொரு மேகசினுக்கும் எனக்கு ஒரு ஜாம். பக்கத்தில் நின்றவர்கள் அதே பிஸ்டலை வாங்கிச் சுட்டார்கள். தடதடவென்று ஓடியது. என் கைக்கு வந்ததும் நின்றது. பயிற்சி கொடுத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "கோப்ரல், துப்பாக்கிக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கை வேகவைத்த மீ நூடுல்ஸ் மாதிரி இருக்கிறது. நீங்கள் அழுத்திப் பிடிக்காவிட்டால் அது எதை நம்பிப் பின்னால் போகும்?" என்று மலாயில் எல்லார் முன்னாலும் கேட்டார். இருபது பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவி அமலோற்பவத்திடம், "எனக்குக் குடுத்த பிஸ்டல் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ரிவால்வர் என் கொள்கை ஆகிவிட்டது.

சின்ன நிலையம் என்பதால் பழைய ரிவால்வர்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி ஒன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன். அதைத் துடைப்பேன் பாருங்கள், முகம் பார்த்துத் தலை சீவலாம். வெளிப்பக்கத்தைச் சொல்கிறேன். உள்ளே எதற்குத் துடைக்க வேண்டும்? அது ரிவால்வர் அல்லவா, அதற்குத்தான் ஒன்றும் ஆகாதே.

இரண்டாயிரத்துப் பதினேழில் லோஷினி வந்தாள். ஸ்கூடாயில் வளர்ந்த பெண், அப்போது இருபத்தைந்து வயது. கான்ஸ்டபிள். அவள் வந்த முதல் வாரமே பிஸ்கட் டின்னை எடுத்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

கேட்டு முடித்து, "கோப்ரல், ஜாம் ஆனா எடுத்து வுட்டுரலாமே. ரெண்டு செகண்ட் வேல" என்றாள்.

"அந்த ரெண்டு செகண்டுல உன்னச் சுட்டுருவான் மா."

"சரி, ரிவால்வர் மாட்டிக்கிட்டா என்னா செய்வீங்க?"

"மாட்டாது."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டாதுன்றேன் லா!"

அவள் டின்னில் மிச்சம் இருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுவருடம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். கடைத்தெருவிலிருந்து போன் வந்தது. செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி ஒரு காட்டுப் பன்றியை அடித்துவிட்டதாம். பன்றி சாகவில்லை. பின்னங்கால் ஒன்று முறிந்த வெறியில் கடை வரிசைக்குள் புகுந்து ஒருத்தரைக் குத்திவிட்டதாம். வனவிலங்கு இலாகா ஆட்கள் சிகாமட்டிலிருந்து வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

பன்றி என்ற வார்த்தையைக் கேட்டதும் நிலையத்தில் இருந்த அத்தனை பேர் கண்ணும் முஸ்லிம் அல்லாத என் மேலும் லோஷினி மேலும் வந்து நின்றது. ஹிஷாம் என்கிற கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே, "கோப்ரல், இது உங்கள் டிப்பார்ட்மென்ட் லா" என்றான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "வேறு வழியே இல்லையென்றால் மட்டும் சுடுங்கள். சுடும் முன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

லோஷினி கார் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரிவால்வரைத் திறந்து ஆறு தோட்டாவையும் பார்த்தேன். மூடும்போது சிலிண்டர் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தள்ளி மூடினேன். அன்று காலை ஆயுத அறையில் வாங்கியபோதும் அப்படித்தான் தள்ளி மூடியிருந்தேன். புதுச் செருப்பு கடிப்பது மாதிரி, பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முப்பது வருடப் பழைய துப்பாக்கியைப் பற்றி.

"லோஷினி, நீ பிஸ்டல வெளிய எடுக்காத மா" என்றேன். "அவ்ளோ கூட்டத்துல ஜாம் ஆச்சுன்னா மானம் போயிடும். நான் பாத்துக்கிறேன்."

"சரி கோப்ரல்" என்றாள். சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோப்பிக் கடையின் முன்நடையான அஞ்சடியில் நாற்காலிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஒரு வட்ட மேசை மேல் ஜெயபாலன் உட்கார்ந்திருந்தார். பழைய இரும்பு வாங்கி விற்கிறவர், என் வயதுதான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன் வரிசையில் இருப்பார். கெண்டைக்கால் கிழிந்து ரத்தம் மேசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரச் சீனர் எதிர்ப்பக்கம் கல்லாவுக்குப் பின்னால் நின்று விளக்குமாற்றைக் காட்டிப் பன்றியைத் தடுத்துக்கொண்டிருந்தார். நல்ல பெரிய பன்றி. முன்னங்காலை ஊன்றி ஊன்றி மேசைப் பக்கமே வந்துகொண்டிருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் நாற்பது ஐம்பது பேர். எல்லார் கையும் மேலே தூக்கியிருந்தது. யாரும் சரணடையவில்லை, படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

லோஷினி முதலில் கூட்டத்தைத் தள்ளினாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "அங்கிள், பக்கத்துக் கடையில கட்டட வேல நடக்குது. மணல் குவிச்சிருக்காங்க. இங்கேர்ந்து சுட்டா குண்டு மணலுக்குள்ள போயிடும். இங்க நில்லுங்க" என்று இடத்தைக் காட்டினாள். அவசரத்தில் கோப்ரல் அங்கிள் ஆகிவிட்டது.

நின்றேன். உறையைத் திறந்து ரிவால்வரை எடுத்தேன். வெயிலில் அது பளபளத்தது. இரண்டு கையாலும் பிடித்துக் காலை அகட்டிக்கொண்டேன். இதெல்லாம் அந்தப் படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது. அந்த நான்கு வினாடிக்கு நான் பார்க்க ரொம்ப நன்றாக இருக்கிறேன்.

விசையை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். ஆணி அடித்தது போல இருந்தது. சிலிண்டர் அசையவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி நடந்தால் என்ன செய்வது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசித்தது கிடையாது. அதனால் தெரிந்ததைச் செய்தேன். டார்ச் லைட் எரியாவிட்டால் செய்வோமே, அது மாதிரி ஆட்டினேன். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். காதுக்குப் பக்கத்தில் வைத்து என்ன கேட்க நினைத்தேனோ தெரியாது, காதுக்குப் பக்கத்திலும் கொண்டுபோனேன். பன்றி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

அது என் பக்கம் வர ஆரம்பித்ததும் நான் பின்னால் நடந்தேன். பின்னால் பிளாஸ்டிக் முக்காலிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்கோடு விழுந்தேன்.

லோஷினி சுட்டாள். பன்றியின் தோளில் பட்டது, ஆனாலும் நிற்கவில்லை. இரண்டாவது தடவை சுட்டாள். அதுவும் பட்டது. ஆனால் பிஸ்டல் நின்றுபோனது. காலிக் கூடு மேலே குச்சி மாதிரி நட்டுக்கொண்டு நின்றதைக் கீழே கிடந்த நான் தெளிவாகப் பார்த்தேன்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. முக்காலிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்துகொண்டு, ஒரு கையைத் தூக்கி, "ஜாம்! ஜாம்! நான் சொல்லல?" என்று கத்தினேன். என்னைக் காப்பாற்ற வந்த பிள்ளையின் துப்பாக்கி நின்றுபோனதில் எனக்குச் சந்தோஷம்.

லோஷினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேகசினின் அடியில் ஒரு தட்டு, மேல்பாகத்தைப் பிடித்து ஓர் இழுப்பு. கூடு பறந்து விழுந்தது. மூன்றாவது தடவை சுட்டாள். பன்றி என் பூட்ஸுக்கு ஆறடி முன்னால் விழுந்தது. நான் கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து என் மகள் கணக்கிட்டுச் சொன்னாள், தட்டி இழுத்துச் சுட ஒன்றரை வினாடியாம். நான் துப்பாக்கியை ஆட்டியது ஒன்பது வினாடி.

ஜெயபாலனுக்குப் பதினெட்டுத் தையல். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மருந்து மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவி கஸ்தூரி வாசலில் நின்றிருந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அமைதியாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, ஏன் சுடல?"

"துப்பாக்கி வேல செய்யல மா."

"அதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்துச்சா?"

நல்லாத்தான் இருந்ததா என்று நான் எப்போது பார்த்தேன்? கையில் கொண்டுபோன ஆரஞ்சுப் பையை அவளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆயுதப் பிரிவிலிருந்து சார்ஜன் ஸைனால் வந்தார். ரிவால்வரை மேசையில் வைத்து, கீழே வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, சிலிண்டரைக் கஷ்டப்பட்டுத் திறந்தார். காலிக் கூடுகளை வெளியே தள்ளுவதற்குச் சிலிண்டரின் பின்னால் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்னத் தகடு உண்டு. அதற்கு அடியில் பிரஷ்ஷை விட்டுத் தட்டினார். தாளில் கறுப்பாக, மிளகுத்தூள் மாதிரி விழுந்தது.

"எரியாத வெடிமருந்து" என்றார். "கடைசிப் பயிற்சியில் சுட்டது. கூட்டைத் தள்ளும்போது குழலை வானத்துப் பக்கம் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். நீங்கள் படுக்கப் போட்டுத் தள்ளியிருக்கிறீர்கள். தூள் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் வேறு போட்டிருக்கிறீர்கள், நன்றாக ஒட்டிக்கொண்டது. இது தகட்டை ஒரு முடி அளவு தூக்கினால் போதும், சிலிண்டர் சுற்றாது."

நான் மெல்லக் கேட்டேன்: "அப்படியானால் ரிவால்வர் நம்ப முடியாததா, சார்ஜன்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரிவால்வர் நல்ல துப்பாக்கி. பிஸ்டலைவிடக் குறைவாகத்தான் மாட்டும். நீங்கள் கேண்டீனில் சொல்வது சரிதான். ஆனால் மாட்டினால் பிஸ்டல் மாதிரி தட்டி இழுத்துவிட முடியாது, மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பன்றி அதுவரை காத்திருக்காது." பிரஷ்ஷை மேசையில் வைத்துவிட்டு, "ஒன்றும் ஆகாது என்று நம்பியவர் நீங்கள். அதனால் உள்ளே பார்க்கவில்லை. அவள் எப்போது வேண்டுமானாலும் மாட்டும் என்று நம்பினாள். அதனால் கையைப் பழக்கி வைத்திருந்தாள்" என்றார்.

எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. ரிவால்வரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்துக்குள் பிஸ்டல் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் புகார் எழுதும் கௌண்டர் வேலைதான் என்றார் இன்ஸ்பெக்டர். இதற்குள் அந்தப் படம் ஜொகூர் முழுக்கப் போய்விட்டது. தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் என் மச்சான், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருத்தர் தனக்கே அதைக் காட்டினார் என்று போன் செய்தான். கேண்டீனில் என் மேசையில் யாரோ ஒரு சில்லி சாஸ் போத்தலை வைத்திருந்தார்கள். அதில் 'குலுக்கிய பிறகு பயன்படுத்தவும்' என்று மலாயில் ஏற்கெனவே அச்சடித்தே இருந்தது. அதற்குக் கீழே என் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். நான் அதைக் குலுக்கி, மீ கோரேங் மேல் ஊற்றிச் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது?

அன்று சாயங்காலம்தான் அமலோற்பவத்திடம் உண்மையைச் சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரிப்பேராக இருந்தது பிஸ்டல் இல்லை, என் மணிக்கட்டு என்று.

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியுமே" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"ஊறுகா போத்தல் மூடிய யாரு தொறக்குறா இந்த வீட்டுல?"

மறுநாள் லோஷினியைத் தேடிப் போனேன். இரண்டு மூன்று விதமாகச் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். அவள் காத்துக்கொண்டே நின்றாள். கடைசியில், "அன்னைக்கு நான் கத்துனதுக்கு மன்னிச்சிரு மா. எனக்கு அத எடுத்து வுடக் கத்துக் குடு" என்றேன்.

"அலமாக் கோப்ரல், அதுக்கா இவ்ளோ நேரம்?" என்று சிரித்தாள். "நாளைக்கு வேல முடிஞ்சதும் வாங்க. பிஸ்கட் டின் கொண்டாராதீங்க."

போலித் தோட்டாக்களை வைத்துத் தினமும் ஒரு மணி நேரம். வேண்டுமென்றே மேகசினில் காலிக் கூடுகளைக் கலந்து போட்டுக் கொடுப்பாள். எது எப்போது மாட்டும் என்று எனக்குத் தெரியாது. "தட்டுங்க, இழுங்க" என்பாள். நான் இழுத்துவிட்டுத் தட்டுவேன். ஒரு நாள் தட்டுகிற வேகத்தில் மேகசினை அவிழ்க்கும் பொத்தானை அமுக்கிவிட்டேன், மேகசின் என் காலில் விழுந்தது. "மணிக்கட்ட மடக்காதீங்க அங்கிள், அது ஓடாது, நீங்கதான் அத ஓட வுடணும்" என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். வீட்டில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டாவது வாரம் பை கிழிந்து அரிசி கொட்டியது. அன்றைக்குப் பொறுக்கியதில் மணிக்கட்டுக்கு ஏதாவது பலன் கிடைத்திருக்கலாம்.

முதல் தேர்வில் தோற்றேன். ஒன்றும் மாட்டவில்லை, குண்டுகள்தான் தாளில் படவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி நடந்த தேர்வில் முப்பது தோட்டா. பதினேழாவது தோட்டாவில் பிஸ்டல் நின்றது. மனசு 'ஐயோ' என்று நினைத்தது. ஆனால் கை நிற்கவில்லை. தட்டி, இழுத்து, அடுத்ததைச் சுட்டுவிட்டிருந்தது. சுட்ட பிறகுதான் நடந்தது என்னவென்று எனக்கே புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்த லோஷினி, முன்னால பாருங்க என்று விரலைக் காட்டினாள்.

எழுபது எடுத்தால் தேர்ச்சி. நான் எடுத்தது எழுபத்தொன்று.

வீட்டுக்குப் போகும் வழியில் ஜெயபாலன் கடைப்பக்கம் வண்டியை நிறுத்தினேன். அவர் கம்பு ஊன்றிக்கொண்டு ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து குலுக்கினார். "நல்லது ஸ்டானிஸ். ஆனா இன்னொரு பன்னி வந்துச்சுன்னா அந்தப் பொண்ணையே அனுப்பு" என்றார்.

அமலோற்பவம் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"பாஸ்!" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே பூட்ஸைக் கழற்றினேன். "நடுவுல மாட்டிக்கிச்சு. நானே எடுத்து வுட்டுட்டேன்."

"எத்தன பேரு எழுதுனீங்க?"

"பதினோரு பேரு."

"எத்தன பேரு பாஸ்?"

"பதினோரு பேரும்."

"சரி வாங்க, மீன் கறி ஆறுது" என்று உள்ளே போனாள்.